எல்லோர் குரலும் வேண்டும்

(கற்போர் மையத்தில் தொண்டர் ஒருவர் பேசியது)

 

இன்று பாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். பாட்டுக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பீர்கள். சொல்கிறேன், கேளுங்கள்.

எழுதச் சொன்னால் நீங்கள் எழுதுகிறீர்கள். வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் மட்டும் தலையைக் குனிந்துகொள்கிறீர்கள். "தப்பாகப் படித்தால் சிரிப்பார்களே" என்று பயம். அந்தப் பயத்திலே சில பேர் மையத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். வராமல் இருந்தால் என்ன ஆகும்? கஷ்டப்பட்டுக் கற்ற எழுத்தும் மறந்துபோகும்.

தனியாக வாசிக்கத்தானே பயம்? இருபது பேர் சேர்ந்து குரல் கொடுத்தால் பயம் இருக்குமா? இருக்காது. இதை நமக்குக் காட்டியவர் நம் சித்தூரிலே பிறந்தவர். அவர் பெயர் எம்.பி. சீனிவாசன்.

அவர் 1925 செப்டம்பர் 19 அன்று பிறந்தார். அப்போது சித்தூர் சென்னை மாகாணத்தில் இருந்தது. சென்னையில் படித்தார். சினிமாவுக்கு இசை அமைத்தார். 1960இல் வந்த 'பாதை தெரியுது பார்' என்ற தமிழ்ப் படத்துக்கு இசை அவர்தான். மலையாளத்தில் நிறையப் படங்கள் செய்தார். பாடகர் யேசுதாஸ் சினிமாவுக்காக முதன்முதலில் பாடியது, 1961இல், இவருடைய இசையில்தான்.

பேரும் புகழும் வந்தது. ஆனாலும் அவர் மனம் வேறொன்றை நினைத்தது. மேடையில் ஒருவர் பாடுகிறார். ஆயிரம் பேர் வாயை மூடிக் கேட்கிறார்கள். அந்த ஆயிரம் பேரும் பாட வேண்டாமா?

1971இல் சென்னையில் இளைஞர்களைச் சேர்த்து ஒரு குழு அமைத்தார். அதுதான் மதராஸ் யூத் கொயர். பலர் சேர்ந்து பாடுவதைச் சேர்ந்திசை என்கிறோம். பாரதியார் பாடல்களை இந்தக் குழு பாடியது. தமிழோடு நிற்காமல் இந்தியாவின் பல மொழிகளிலும் பாடியது.

சேர்ந்திசையில் ஒரு விசேஷம் உண்டு. எல்லோரும் ஒரே சுரத்தில் பாட வேண்டும் என்பதில்லை. மெல்லிய குரல் மேலே போகும். கனத்த குரல் கீழே நிற்கும். ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்கள் ஒலிக்கும். ஆனால் காதுக்கு ஒரே பாட்டாகக் கேட்கும். தேர் இழுப்பதைப் பாருங்கள். பலசாலியும் இழுக்கிறார், மெலிந்தவரும் இழுக்கிறார். வடம் எல்லோர் கையையும் ஏற்றுக்கொள்கிறது. அப்படித்தான் இதுவும். "என் குரல் நன்றாக இல்லை" என்று இங்கே யாரும் ஒதுங்க வேண்டியதில்லை.

1980களில் தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு பள்ளிகளில் சமுதாயப் பாடல் திட்டம் நடத்தியது. அதிலும் சீனிவாசன் பாடுபட்டார். ஆசிரியர்களுக்குப் பல மொழிப் பாட்டுகள் கற்றுத் தரப்பட்டன. அவர்கள் ஊருக்குத் திரும்பிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு விளக்கிலிருந்து பல விளக்கு ஏற்றுவது போல.

பாட்டு வேலையாக லட்சத்தீவுக்குப் போன இடத்தில், 1988 மார்ச் 9 அன்று அவர் காலமானார். அதே ஆண்டு மே 5 அன்று தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. அந்த இயக்கத்திலும் கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் பாடிக்கொண்டுதான் போயின. பாட்டைக் கேட்டு வந்தவர்கள் பலகையைக் கையில் எடுத்தார்கள்.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். நம் பக்கத்துத் திருப்பதியைப் பாருங்கள். 15ஆம் நூற்றாண்டில் அன்னமய்யா ஏழுமலையான் மீது 32,000 பாட்டுகள் பாடினார் என்பார்கள். அவற்றைச் செப்பேடுகளில் பொறித்துத் திருமலைக் கோயிலில் ஒரு சிறிய அறையில் வைத்தார்கள். இன்று நமக்குக் கிடைத்திருப்பவை பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். எழுதி வைத்ததால் சொல் பிழைத்தது. ஆனால் அவர் பாடிய மெட்டுகள்? ஏட்டிலே ராகத்தின் பெயர்தான் இருக்கிறது. பழைய மெட்டுகள் பல போய்விட்டன. ஆகவே சொல்லைக் காப்பது எழுத்து. மெட்டைக் காப்பது வாய். இரண்டும் வேண்டும்.

நம் பாட்டிமார் பாடிய நடவுப் பாட்டும் தாலாட்டும் எந்தச் செப்பேட்டில் இருக்கின்றன? எதிலும் இல்லை. அவை உங்கள் நெஞ்சில் மட்டும்தான் இருக்கின்றன. அவற்றை எழுதி வைக்க உங்களால் முடியும். உங்களுக்கு இப்போது எழுத்துத் தெரியுமே!

நாளை முதல் இப்படிச் செய்வோம். ஒருவர் தமக்குத் தெரிந்த பாட்டில் ஒரு வரி பாடட்டும். எல்லோரும் திருப்பிப் பாடுவோம். அந்த வரியைக் கரும்பலகையில் எழுதுவோம். விரலை வைத்து, சொல் சொல்லாகக் காட்டிக்கொண்டே மறுபடி பாடுவோம். பிறகு நோட்டில் எழுதுவோம். வீட்டிலே தமிழ் பேசுகிறவர்கள் தமிழ்ப் பாட்டுக் கொண்டு வாருங்கள். தெலுங்குக்காரர்கள் தெலுங்குப் பாட்டுக் கொண்டு வாருங்கள். இரண்டையும் எல்லோரும் பாடுவோம்.

நான் பத்தாவது வரை படித்தவள். சங்கீதம் கற்றவள் அல்ல. இந்தப் பாட்டுகளில் நீங்கள்தான் எனக்கு ஆசிரியர்கள். வராமல் நின்றுபோன அக்காமார்களிடம் போய்ச் சொல்லுங்கள்: "நாளைக்குப் பாடம் மட்டும் இல்லை, பாட்டும் உண்டு. உன் குரல் ஒன்று குறைகிறது, வா."