கவாய்த் தீவின் பூங்குருவி



பசுபிக் சமுத்திரத்தின் நடுவே அமைந்த ஹவாய்த் தீவுக் கூட்டத்திலே கவாய் என்பது ஒரு தீவு. அதன் உட்பகுதியில், கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 4,000 அடிக்கு மேல், அலகாய் என்னும் பீடபூமி பரந்து கிடக்கின்றது. உலகில் மழை மிகுந்த இடங்களுள் ஒன்றாகிய வையாலேயாலே மலை அதற்கு அணித்தே உள்ளது. மூடுபனியும் பாசியும் பன்னமும் செறிந்த அக்காட்டிலேதான் புவாயொஹி என்னும் சிறு பூங்குருவி வாழ்கின்றது. உலகில் வேறெங்கும் அஃது இல்லை. எஞ்சியுள்ளவை ஏறக்குறைய 500 பறவைகளே எனக் கணித்துள்ளனர்.

இப்பறவை ஏறக்குறைய ஆறரை அங்குல நீளமுடையது. மேலே கபிலமும் கீழே சாம்பல் நிறமும் கொண்டு பகட்டின்றித் தோன்றும். காட்டுப் பழங்களும் பூச்சிகளும் அதன் உணவாகும். பழத்தை விழுங்கி வித்தைப் பிறிதோரிடத்திற் போடுவதால், காட்டை விதைக்கும் உழவனாகவும் அது விளங்குகின்றது. அத்தீவிலேயே வாழ்ந்த காமாஒ என்னும் பெரிய பூங்குருவி அழிந்துபோயிற்றென ஐக்கிய அமெரிக்க அரசு 2023ஆம் ஆண்டில் முறைப்படி அறிவித்தது. ஆகவே, விதைக்கும் பணி இச்சிறு பறவையின் தலையிலே சுமந்துள்ளது.

ஓடைக்கரைகளிலுள்ள செங்குத்தான பாறை இடுக்குகளிற் பாசியும் பன்னமும் மறைக்கப் பெண்பறவை கூடு கட்டும். வழக்கமாக இரண்டு முட்டைகள் இடும்; தானே தனித்து அடைகாக்கும். குஞ்சு பொரித்தபின் ஆணும் சேர்ந்து இரையூட்டும். பன்னெடுங்காலம் அக்கூட்டை அணுகப் பகைவிலங்கு எதுவும் இருந்ததில்லை. மனிதரின் கலங்களில் எலி வந்து சேர்ந்ததும் நிலைமை மாறிற்று. இரவில் எலி பாறையேறி முட்டையையும் குஞ்சையும் உண்கின்றது. சிலவேளை கூட்டைவிட்டு அகலாத தாயையும் கொன்றுவிடுகின்றது. ஒரு தாய் இறந்தால் இனிவரும் பருவங்களின் குஞ்சுகளும் இல்லாமற் போகின்றன.

மற்றைய பகை நுளம்பு. ஹவாயில் முன்னர் நுளம்பே இருந்ததில்லை. 1826ஆம் ஆண்டளவில், கப்பலொன்றின் தண்ணீர்ப் பீப்பாயோடு அது வந்ததென்பர். பின்னர் பறவை மலேரியாவும் பரவியது. குளிர்ந்த மலையுச்சிகளே பறவைகளுக்குப் புகலிடமாயின. இப்பொழுது புவி வெப்பமடைவதால், நுளம்பு அவ்வுயரங்களுக்கும் ஏறுகின்றது. காட்டுப் பன்றிகளும் ஆடுகளும் செடிகொடிகளை அழிக்கின்றன.

இப்பறவையைக் காக்கும் முயற்சி பெரிது. 1996ஆம் ஆண்டு தொடக்கம் காட்டிலிருந்து எடுத்த முட்டைகளைப் பொரிக்கவைத்துப் பறவைகளை வளர்த்தனர். 1999 முதல் 2012 வரை இருநூறுக்கு மேற்பட்டவை அலகாயில் விடப்பட்டன. அவற்றுட் சில காட்டிலே கூடுகட்டிக் குஞ்சும் பொரித்தன. எனினும், எலி இருக்கும் காட்டிற் பறவையை விடுவது மட்டும் போதாதென்பது தெளிவாயிற்று. அதனாற் கூடுகளுள்ள ஓடைகளை ஒட்டி, தாமாகவே மீண்டும் இயங்கும் எலிப்பொறிகள் வைக்கப்பட்டன. பன்றி புகாதவாறு வேலிகளும் இடப்பட்டன. 2023ஆம் ஆண்டு தொடக்கம், ஹவாயில் ஒருவகைப் பற்றீரியாவைக் கொண்ட ஆண் நுளம்புகளை விடுகின்றனர். ஆண் நுளம்பு கடிப்பதில்லை. அதனோடு சேர்ந்த காட்டுப் பெண் நுளம்பின் முட்டைகள் பொரிப்பதுமில்லை.

இவ்வேலைகள் ஒருநாளில் முடிவனவல்ல. பொறியைக் கைவிட்டால் எலி திரும்பிவரும். மனிதன் அறியாது கொண்டுவந்த கேட்டை, அறிந்து அகற்றுவதற்குப் பல தலைமுறைகளின் உழைப்பு வேண்டும். அவ்வுழைப்பு தளராதிருந்தால், அலகாய் ஓடைகளில் இப்பூங்குருவியின் குரல் இனியும் ஒலிக்கும்.