டென்மார்க்கின் பண்டிகைகளும் பலகாரங்களும்

ஒரு நாட்டு மக்களின் பழைய வரலாற்றை அறிய ஏடுகளைப் புரட்டுகிறோம், கல்வெட்டுகளைப் படிக்கிறோம். அவர்களுடைய அடுக்களையையும் சற்றே எட்டிப் பார்ப்பது நன்று. வட ஐரோப்பாவிலுள்ள சிறிய நாடாகிய டென்மார்க் இதற்குத் தக்க சான்று.

அந்நாட்டார் கிறிஸ்துமஸ் பண்டிகையை டிசம்பர் 24 மாலையிலேயே கொண்டாடுகிறார்கள். வாத்தோ பன்றி இறைச்சியோ வாட்டி, சர்க்கரைப் பாகில் புரட்டிய உருளைக்கிழங்குடன் உண்பார்கள். இறுதியில் குளிர்ந்த பாற்சோறு வரும். கடைந்த பாலேடும் பாதாம் துண்டுகளும் கலந்த அச்சோற்றின்மேல் செர்ரிப் பழப்பாகு ஊற்றுவார்கள். அதனுள் முழுப் பாதாம் பருப்பு ஒன்று மறைந்திருக்கும். அது கிடைத்தவருக்குப் பரிசு உண்டு. கிடைத்தவரோ அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு ஒன்றும் அறியாதவர்போல் இருப்பார். மற்றவர்கள் வயிறு நிறைந்த பின்னும் தேடித் தேடி உண்பார்கள்!

இவ்வழக்கத்தை எந்த அரசாணையும் விதிக்கவில்லை. ஆணை மாறிய பின்னும் உணவு நிலைத்து நின்ற வரலாறும் அங்கே உண்டு.

நவம்பர் 10 மாலை புனித மார்ட்டினுக்கு உரியது. அவர் பிஷப் பதவியை ஏற்க விரும்பாமல் வாத்துகளிடையே ஒளிந்தார் என்றும், அவை கத்திக் காட்டிக்கொடுத்தன என்றும் கதை சொல்வார்கள். 1536-இல் டென்மார்க் லூத்தரின் நெறியைத் தழுவியது; புனிதர் வழிபாடு மறைந்தது. ஆயினும் அம்மாலை விருந்திலிருந்து வாத்து மறையவில்லை.

இதனினும் சுவையானது ரொட்டியின் கதை. 1686-இல், ஐந்தாம் கிறிஸ்டியான் மன்னர் காலத்தில், ஈஸ்டருக்குப் பின்வரும் நான்காம் வெள்ளிக்கிழமை ‘பெரும் பிரார்த்தனை நாள்’ என ஏற்படுத்தப்பட்டது. அன்று தொழிலும் வாணிகமும் கூடா. ரொட்டி சுடுவோரும் வேலை செய்யலாகாது. ஆகவே அவர்கள் முதல் நாளே கோதுமை ரொட்டிகளைச் சுட்டு விற்றார்கள். மறுநாள் சூடு காட்டி உண்ணலாம் என்பது ஏற்பாடு. புது ரொட்டியின் மணம் மறுநாள்வரை பொறுக்க விடுமா? மக்கள் வியாழன் மாலையே உண்டுவிட்டார்கள், அதுவே வழக்கமாயிற்று. ஏலக்காய் மணக்கும் அந்த ரொட்டியை இரண்டாகப் பிளந்து, வாட்டி, வெண்ணெய் தடவி உண்பார்கள்.

1770-இல் பல விடுமுறைகள் நீக்கப்பட்டபோது இந்நாள் தப்பியது. 2023-இல் தப்பவில்லை. பாதுகாப்புச் செலவுக்குப் பொருள் வேண்டும், மக்கள் ஒரு நாள் கூடுதலாக உழைத்தால் வருவாய் பெருகும் என்றது அரசு. பேரம் பேசாமல் எங்கள் ஓய்வு நாளைப் பறிப்பது முறையா என்று கேட்டன தொழிற்சங்கங்கள். கோபன்ஹேகனில் பாராளுமன்றத்தின் முன் பல்லாயிரவர் திரண்டனர். எனினும் சட்டம் நிறைவேறியது. 2024 முதல் அது வேலை நாளாயிற்று.

நாட்டின் காவலும் வேண்டுவதே. உழைப்பவரின் ஓய்வும் வேண்டுவதே. எது முந்தியது என்ற வழக்கு எளிதில் தீர்வதன்று. ஆனால் விடுமுறை போன பின்னும், அந்த வியாழன் மாலையில் டென்மார்க்கின் ரொட்டிக் கடைகளில் ஏலக்காய் மணம் எழத்தான் செய்கிறது. அடுப்பை அணைக்கச் சொன்ன ஆணையால் பிறந்த பலகாரம் அது. ஆணையும் போயிற்று, விடுமுறையும் போயிற்று. பண்டிகையின் நினைவை இன்று அந்த ரொட்டியே காத்து வருகிறது.