வீட்டு வரியும் வீட்டுடையாரும்

தென்காசிக்கும் வடபுலத்துக் காசிக்கும் உள்ள உறவு கோயிலால் அமைந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய விசுவநாதர் ஆலயத்தை மாணவ நேயர்கள் அறிவீர்கள். நான் இன்று பேசவந்த பொருள் வீட்டு வரி. அதையும் காசியிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

1810-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் காசி நகரத்து வீடுகளுக்கு வரி விதித்தனர். மக்கள் கடைகளை அடைத்தனர், தொழிலை நிறுத்தினர், ஊர்ப்புறத்துத் திறந்த வெளியிலே திரள் திரளாகச் சென்று அமர்ந்தனர். இறுதியில் அவ்வரி கைவிடப்பட்டது. பின்னர் 1921-இல், அன்றைய சென்னை மாகாணத்துச் சீராலா, பேராலா மக்கள் நகராட்சி வரியை மறுத்து, துக்கிராலா கோபாலகிருஷ்ணய்யாவின் தலைமையில் ஊரையே துறந்து குடிசைகளில் வாழ்ந்தனர். இவர்கள் வரியை ஒளித்தவர்கள் அல்லர். தம்மைக் கேளாது விதித்த வரி என்று பலரறிய மறுத்து, அதற்குரிய துன்பத்தையும் தாமே ஏற்றவர்கள்.

இன்று நிலைமை வேறு. சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கலாகாது என்பது நம் அரசியலமைப்பின் 265-ஆம் விதி. தென்காசி நகராட்சிக்கும் குற்றாலம் பேரூராட்சிக்கும் 2022 பிப்ரவரியில் மக்களே உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தனர். அதே ஆண்டு ஏப்ரலில் மாநில அரசு சொத்து வரியை உயர்த்தியது. சென்னை நீங்கலான நகர்ப்புறங்களில் 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புக்கு 25 விழுக்காடும், 1800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு 100 விழுக்காடும் உயர்வு. இவ்வுயர்வு மிகை என்போர் உண்டு. அவர்கள் மன்றத்திலும் தேர்தலிலும் அதனைச் சொல்லலாம். தம் வீட்டுக்கு இட்ட வரி தவறானால் மேல்முறையீடும் செய்யலாம்.

ஆனால் நம் ஊர்களில் பெரும்பாலும் நிகழ்வது மறுப்பன்று, மறைப்பு. புது வீடு கட்டியவர் அதனை அலுவலகத்தில் தெரிவித்து வரிவிதிப்பு எண் பெறுதல் வேண்டும். மாடி எழுப்பினாலும் சொல்லவேண்டும். வீடு கைமாறினாலும் சொல்லவேண்டும். தண்டலர் வந்து கேட்கட்டுமே என்று இருப்பது வழக்கமாகிவிட்டது!

குற்றாலத்தின் நிலை இன்னும் நுட்பமானது. ஆனி, ஆடி மாதங்களில் சாரல் விழத் தொடங்கினால், அருவியாட வருவோர்க்கு அறைகள் போதா. குடியிருப்பென்று பதிவான வீடு நாள்வாடகை விடுதியாகிவிடுகிறது. கட்டடத்தின் பரப்பு, தெரு, கூரை ஆகியவற்றோடு அது எதற்குப் பயன்படுகிறது என்பதையும் கொண்டே வரி கணிக்கப்படுகிறது. விடுதிக்கு வீட்டு வரியைக் கட்டுபவர், தம் விருந்தினர் விட்டுச்செல்லும் குப்பையை அள்ளும் செலவை அடுத்த வீட்டாரின் தலையில் வைக்கிறார். அந்த அடுத்த வீட்டார் ஓட்டுக் கூரையின்கீழ் வாழும் ஒரு மூதாட்டியாகவும் இருக்கலாம். சீசன் வருமானம் சில மாதந்தானே என்று விடுதி நடத்துவோர் கூறுவதில் நியாயம் இல்லாமலில்லை. அதனை அலுவலர்முன் சொல்லிக் கணக்கைத் திருத்தக் கேட்கலாமேயன்றி, பதிவேட்டிலிருந்து மறைந்திருக்கலாகாது.

செலுத்தும் முறை எளியது. ஏப்ரலிலும் அக்டோபரிலும் அரையாண்டுகள் பிறக்கின்றன. 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி, அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் செலுத்தினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு. அது 5,000 ரூபாய்க்கு மிகாது. காலங் கடந்தால் மாதம் 1 விழுக்காடு வட்டி.

இன்னொன்று சொல்லவேண்டும். வரி ரசீதைப் பட்டயம்போலப் போற்றி வைத்திருப்போர் பலர். ரசீது மட்டுமே உடைமையை நிலைநாட்டாது. வரி கட்டியதற்கே அது சான்று. உரிமையைக் காட்டுபவை பத்திரமும் பட்டாவுமே. ஆயினும் பாட்டனார் காலமாகி இருபது ஆண்டான பின்னும் கேட்பு அறிவிப்பு அவர் பெயருக்கே வந்துகொண்டிருந்தால், பின்னொரு நாள் பாகம் பிரிக்கையிலோ விற்கையிலோ பேரப்பிள்ளைகள் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடக்க நேரும். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கையிலிருக்கும்போதே பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் வீட்டு ரசீதில் யார் பெயர் இருக்கிறதென்று இன்று மாலையே பாருங்கள்.