சிறு செலவில் இமயத்துச் சாலை

இலங்கையின் எந்த ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டாலும் ஒரு பகற்பொழுது ஓடினாற் போதும், கடல் எதிர்ப்பட்டுவிடும். வடக்கே பருத்தித்துறைக்கும் தெற்கே தெய்வேந்திரமுனைக்கும் இடைப்பட்ட நேர்த்தூரம் ஏறக்குறைய 430 கிலோமீற்றர் மட்டுமே. ஆதலின், நாட்கணக்காகத் தொடரும் நெடுஞ்சாலை ஒன்றில் ஓட வேண்டும் என்னும் ஆவல் கொண்டவன் கடல் கடந்தே ஆகவேண்டும். கடல் கடந்த உல்லாசப் பயணம் செல்வருக்கே உரியது என்ற எண்ணம் பலரிடம் உண்டு. அது முழுவதும் உண்மையன்று. மாதச் சம்பளத்தில் வாழும் எழுதுவினைஞரும் ஆசிரியரும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு செய்யக்கூடிய பயணங்கள் சில உள. அவற்றுள் ஒன்று, இந்தியாவின் இமாசலப் பிரதேசத்திலுள்ள மணாலியிலிருந்து லடாக்கின் தலைநகராகிய லே வரை செல்லும் மலைச்சாலைப் பயணம்.

சொந்த மோட்டார் சைக்கிளையே கொண்டு செல்லலாமே என்று முதலில் தோன்றுவது இயல்பு. அந்த ஆசை விரைவில் அடங்கிவிடும். ஒரு நாட்டின் வண்டியை மற்றொரு நாட்டுக்குள் தற்காலிகமாகக் கொண்டுசெல்லும்போது, அது அங்கே விற்கப்படாமல் திரும்பி வரும் என்பதற்குப் பொறுப்பாக 'கார்னே' என்னும் சுங்கப் பத்திரம் வேண்டும். இந்தியாவும் அதனைக் கேட்கின்றது. அப்பத்திரத்தைப் பெறுவதற்கு வண்டியின் பெறுமதியை ஒட்டிய பெருந்தொகையைப் பிணையாக வைத்தல் வேண்டும். நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய கப்பற் சேவை மக்களை ஏற்றிச் செல்வதற்கென அமைந்தது. வண்டிகளை ஏற்றிச் செல்வதற்கன்று. ஆகவே வண்டியைச் சரக்குக் கப்பலில் அனுப்ப வேண்டும். துறைமுகக் கூலி, முகவர் கூலி, காத்திருப்பு எனச் செலவு வளரும். மூன்று வார விடுமுறைக்கு இது பொருந்தாது. ஓராண்டு, ஈராண்டு உலகைச் சுற்றுவோருக்கே அது தகும். மற்றையோர் வண்டியை அங்கேயே வாடகைக்கு எடுத்தல் நலம்.

எங்கே எடுப்பது? டில்லியில் எடுப்போர் பலர். அங்கிருந்து மணாலிக்கு 500 கிலோமீற்றருக்கு மேல் உண்டு. அதிற் பெரும்பகுதி வெயிலும் லொறிகளும் நிறைந்த சமவெளி. காண்பதற்கு அரியது எதுவும் அவ்வழியில் இல்லை. சென்னையிலிருந்து டில்லிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் முதலிய ரயில்களில் படுக்கை வசதியோடு சென்று, டில்லியிலிருந்து இரவு பஸ்ஸில் மணாலியை அடைந்து, அங்கே வண்டி எடுப்பதே சிக்கனம். ஏறத்தாழ நான்கு நாள் வாடகை இதனால் மிஞ்சும்.

வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் றோயல் என்ஃபீல்ட் வண்டிகள். இங்கிலாந்தில் பிறந்த இவ்வண்டியின் புல்லட் வகை, 1955ஆம் ஆண்டு தொடக்கம் சென்னையிலே இந்திய இராணுவத்துக்கெனப் பொருத்தப்பட்டு, பின்னர் முழுவதும் அங்கேயே செய்யப்படலாயிற்று. தாய்நாட்டுத் தொழிற்சாலை மூடப்பட்ட பின்னரும் திருவொற்றியூரில் அதன் ஓசை ஓயவில்லை. இமயத்தின் உச்சியில் ஓடும் வண்டிகளுள் பெரும்பாலானவை தமிழ் மண்ணில் உருவானவை என்பதை எண்ணி ஒருவர் மகிழ்ந்தால் அதிற் பிழையில்லை.

வண்டியைப் பார்க்குமுன் அதன் இலக்கத் தகட்டைப் பார்த்தல் வேண்டும். ஓட்டுநரின்றி வாடகைக்கு விட அனுமதி பெற்ற வண்டிக்குக் கறுப்புத் தகட்டில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளைத் தகட்டில் கறுப்பு எழுத்துடையது தனியார் சொந்தப் பாவனைக்குரியது. அதனைச் சிலர் குறைந்த வாடகைக்கு விடுவர். விபத்து ஒன்று நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் கையை விரிப்பதற்கு அந்த வெள்ளைத் தகடே காரணமாகிவிடும். நாளொன்றுக்கு முந்நூறு ரூபா மிச்சம் பிடித்தவர் வாழ்நாட் கடனாளியாவதற்கு இதனினும் எளிய வழி இல்லை.

சாரதி அனுமதிப் பத்திரமும் அத்தகையதே. 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைக்கு அமைந்த சர்வதேச அனுமதிப் பத்திரத்தை இலங்கை மோட்டார் வாகனச் சங்கத்தில் புறப்படுமுன் பெறலாம். அது ஓராண்டு செல்லும். அப்பத்திரத்தில் 'ஏ' என்னும் பிரிவுக்கு எதிரே முத்திரை இடப்பட்டிருக்கின்றதா என்று நோக்குதல் வேண்டும். அதுவே மோட்டார் சைக்கிளுக்குரியது. காருக்கு மட்டும் உரிமை பெற்றவர் அங்கே மோட்டார் சைக்கிள் ஓட்டினால், சட்டத்தின் கண்ணில் அனுமதியின்றி ஓட்டியவரே ஆவார். பயணக் காப்புறுதியை வாங்கும்போதும் சிற்றெழுத்துக்களை வாசிக்க வேண்டும். குறித்த வலுவுக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளையும், குறித்த உயரத்துக்கு மேற்பட்ட இடங்களையும் விலக்கி வைக்கும் பத்திரங்கள் பல.

இனிச் செலவுக் கணக்கைப் பார்க்கலாம். வாடகை, வண்டியின் வகைக்கும் பருவத்துக்கும் ஏற்ப, நாளொன்றுக்கு 1,200 முதல் 2,000 இந்திய ரூபா வரை ஆகலாம். 1,500 என்று கொண்டால் 12 நாட்களுக்கு 18,000 ரூபா. போகவர ஏறக்குறைய 1,000 கிலோமீற்றர் தூரத்துக்கு, லீற்றருக்கு 30 கிலோமீற்றர் வீதம், 34 லீற்றர் பெற்றோல் செல்லும். லீற்றர் ஏறத்தாழ 100 ரூபா என்றால் அது 3,400 ரூபா. வழியிற் கூடாரங்களில் படுக்கையும், சூடான சோறும் பருப்பும் சில நூறு ரூபாவுக்குக் கிடைக்கும். இக்கணக்கை எழுதிப் பார்ப்பவரின் கண் தானாகவே முதல் வரியிற் சென்று நிற்கும். பன்னிரண்டு நாளை எட்டாக்கினால் 6,000 ரூபா மிச்சமல்லவா என்று மனம் சொல்லும். இந்தப் பயணத்தில் உயிருக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் அந்தக் கழித்தற் கணக்கினால்தான்.

அதன் காரணம் உயரம். மணாலி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,050 மீற்றர். நுவரெலியாவிலும் சற்று உயர்ந்தது. முன்னர் அங்கிருந்து 3,978 மீற்றர் உயரமான ரோதாங் கணவாயைக் கடந்தே அப்பாற் செல்ல முடிந்தது. 2020ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்ட 9 கிலோமீற்றர் நீளமான அடல் சுரங்கப்பாதை அந்த ஏற்றத்தைத் தவிர்த்துவிட்டது. அப்பால் கேலாங், ஜிஸ்பா ஆகிய ஊர்கள் 3,100, 3,200 மீற்றர் அளவில் உள்ளன. அதன்பின் சாலை சட்டென மேலெழும். பாரலாச்சா கணவாய் ஏறக்குறைய 4,890 மீற்றர், சார்ச்சு என்னும் கூடாரத் தங்குமிடம் 4,290, இருபத்தொரு கொண்டையூசி வளைவுகளைக் கொண்ட காட்டா ஏற்றத்தின் பின் லாச்சுங் கணவாய் 5,060, பாங் 4,600, இறுதியாகத் தங்லாங் கணவாய் ஏறக்குறைய 5,300. பிதுருதலாகல மலையின் உயரம் 2,524 மீற்றர். அதன்மேல் இன்னொரு பிதுருதலாகலவை வைத்தாலும் தங்லாங்கை எட்டாது. அங்கே சுவாசிக்கும் காற்றில் கடற்கரைக் காற்றின் பிராணவாயுவில் ஏறத்தாழப் பாதியே உண்டு.

மனித உடல் இதற்குப் பழகக்கூடியதே. ஆனால் அவசரப்படுத்த இயலாது. 3,000 மீற்றருக்கு மேல், இரவில் உறங்கும் இடம் முந்திய இரவினும் 500 மீற்றருக்கு மேல் உயர்ந்திருத்தல் கூடாது என்பது மருத்துவர் கூறும் அளவு. மணாலியிற் காலையிற் புறப்பட்டு அன்றிரவே சார்ச்சுவில் உறங்குபவர் ஒரே நாளில் 2,200 மீற்றருக்கு மேல் ஏறிவிடுகின்றார். நள்ளிரவில் தலைவலியும் குமட்டலும் தொடங்கும். அம்மட்டில் நின்றால் நன்று. ஓய்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறுதல், தள்ளாடி நடத்தல், பேச்சுக் குழம்புதல் ஆகியவை கண்டால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துவிட்டது என்று கொள்ள வேண்டும். அப்போது உடனே கீழிறங்குவதே முதன்மையான பரிகாரம். இங்கேதான் இச்சாலையின் கொடுமை வெளிப்படும். சார்ச்சுவிலிருந்து ஜிஸ்பாவுக்கு இறங்க, முதலிற் பாரலாச்சாவில் ஏறவேண்டும். பாங்கில் நோயுற்றவருக்கோ, ஒருபுறம் லாச்சுங், மறுபுறம் தங்லாங். இரண்டும் 5,000 மீற்றருக்கு மேற்பட்டவை. உயர்ந்த விளிம்புடைய பாத்திரத்தின் அடியில் அகப்பட்ட எறும்பின் நிலை அது.

ஆதலின், நாட்களைக் குறைக்காமலே செலவைக் குறைக்கும் வகையைத் தேடுதல் வேண்டும். மணாலியில் இரண்டு இரவு தங்குவது அவசியம். ஆனால் அந்த நாட்களில் வண்டி அவசியமன்று. புறப்படும் நாட் காலையிலே வாடகையைத் தொடங்கினாற் போதும். ஜிஸ்பாவில் மூன்று இரவு தங்கி, இடையே ஒரு பகலில் மூட்டை முடிச்சுகளை அறையிலே வைத்துவிட்டுப் பாரலாச்சாவை நோக்கிச் சற்று ஏறி, மாலையில் இறங்கி வந்து உறங்கினால் உடல் மிக நன்றாகப் பழகும். அதன்பின் சார்ச்சுவில் ஓரிரவு கழித்து, அதிகாலையிற் புறப்பட்டு, பாங்கில் உணவருந்தி, அங்கே தங்காமல் லேக்கு இறங்கிவிடலாம். அப்போதும் சார்ச்சு இரவு மருத்துவர் அளவுக்கு மேற்பட்டதே. ஜிஸ்பாவிலேயே தலைவலி தீராதவர் அதற்கு மேற் செல்லலாகாது. அசெற்றசோலமைட் என்னும் மாத்திரை உதவும். ஆனால் அதை வைத்தியரைக் கேட்டே கொள்ள வேண்டும். பணமும் நாளும் சற்றுக் கூடுதலாக உள்ளவர் ஸ்ரீநகரிலிருந்து கார்கில் வழியாக ஏறுதல் இன்னும் நன்று. அவ்வழி மெல்ல உயர்வது. இரவு தங்கும் ஊர்கள் தாழ்ந்தவை.

இருவர் ஒரே வண்டியிற் சென்றால் வாடகை பாதியாகும் என்பது மற்றொரு கணக்கு. சமவெளியில் அது சரி. காற்று மெலிந்த இடத்தில் மனிதனைப் போலவே இயந்திரமும் மூச்சு வாங்கும். ஒவ்வோர் ஆயிரம் மீற்றருக்கும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வலுக் குறையும். 5,000 மீற்றரில் அரைகுறை வலுவோடு இருவரையும் மூட்டைகளையும் சுமந்து சேற்றில் ஏற முயலும் பழைய கார்புரேற்றர் வண்டியைப் பார்க்கப் பரிதாபமாக இருக்கும். இருவர் இரு வண்டியில் சென்று, அறையையும் கருவிகளையும் பங்கிட்டுக் கொள்வதே மெய்யான சிக்கனம். ஒருவர் நோயுற்றால் மற்றவர் உதவிக்கு ஓடவும் வண்டி இருக்கும்.

சந்திரா, பாகா என்னும் நதிகள் கூடும் தாண்டியில் ஒரு பெற்றோல் நிலையம் உண்டு. அடுத்த நிலையம் 365 கிலோமீற்றருக்கு அப்பால் என்று அறிவித்த அங்குள்ள பலகை பயணிகளிடையே பெயர்பெற்றது. பதின்மூன்று லீற்றர் கொள்ளும் தாங்கி, கணக்கின்படி 390 கிலோமீற்றர் செல்லும். ஏற்றமும் சேறும் அந்தக் கணக்கை மதிப்பதில்லை. எனவே ஐந்து லீற்றர்க் கலன் ஒன்றையும் நிரப்பிக் கட்டுதல் வேண்டும். கூடாரக்காரரிடம் போத்தலில் வாங்கலாம். விலையை அவரே சொல்லுவார்.

கேலாங்கைக் கடந்தால் லே வரை நல்ல கராஜ் எதையும் எதிர்பார்த்தல் இயலாது. ரயர் கழற்றும் கருவி, ரியூப் இரண்டு, காற்றடிக்கும் பம்பு, கிளச் கேபிள், ஸ்பார்க் பிளக் ஆகியவை வேண்டும். வைத்திருந்தாற் போதாது, மணாலியிலே வாடகைக்காரர் முன்னிலையில் பின்சக்கரத்தை ஒருமுறை கழற்றிப் பூட்டிப் பார்த்தல் வேண்டும். அப்போதே வண்டியின் கீறல்களையும் நெளிவுகளையும் கைப்பேசியிற் படம் பிடித்து அவருக்குக் காட்டிவிட்டால், பின்னர் வைப்புப் பணத்தைத் திரும்பப் பெறும் வேளையில் வாதம் எழாது.

சாலை பொதுவாக மே இறுதி அல்லது ஜூன் தொடக்கம் அக்டோபர் வரை திறந்திருக்கும். ஜூன், ஜூலையில் உருகும் பனியால் ஓடைகள் சாலையை அறுத்துப் பாயும். காலையில் முழங்காலளவு ஓடும் நீர் பிற்பகலில் வெயிலேற ஏறப் பெருகும். ஆகவே ஓடைகளை முற்பகலிலேயே கடத்தல் வேண்டும். செப்டெம்பரில் நீர் தணிந்து, வானம் தெளிந்து, கூட்டமும் வாடகையும் குறைந்திருக்கும். இரவுக் குளிர் மட்டும் கடுமையாகும். குளிருக்கு அஞ்சாத சிக்கனக்காரருக்குச் செப்டெம்பரே ஏற்றது.

லே சேர்ந்ததும் பங்கொங் ஏரியையும் நுப்ரா பள்ளத்தாக்கையும் காண விரும்புவோர் இரண்டு செய்திகளை அறிந்திருத்தல் வேண்டும். அவ்விடங்களுக்கு வெளிநாட்டவர் தனி அனுமதி பெறவேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டுடையோர் அதன் விதிகளைப் புறப்படுமுன்பே லேயிலுள்ள பயண முகவர் ஒருவரிடம் எழுதிக் கேட்டறிதல் நலம். மணாலியில் வாடகைக்கு எடுத்த வண்டியை அவ்விடங்களுக்குக் கொண்டுசெல்ல லே வாடகைக்காரர் சங்கத்தினர் பல்லாண்டுகளாக இடங்கொடுப்பதில்லை. மறித்துத் திருப்பியும் விடுவர். ஆகவே அங்கே செல்ல லேயில் வேறொரு வண்டிக்கும் பணம் வேண்டும். கார்துங் கணவாயில் முன்னர் 18,380 அடி என்று எழுதியிருந்த பலகை முன் படம் எடுத்தவர் பலர். உண்மையில் அக்கணவாய் 17,600 அடி அளவினதே. வேறு மாநிலத்தில் வாங்கிய முற்கொடுப்பனவுத் தொலைபேசி அட்டை லடாக்கில் இயங்காது. வீட்டாருக்கு இதை முன்னரே சொல்லிவைத்தால் வீண் கலக்கம் நேராது.

திரும்பும் வழி அதுவேயெனினும் வேறொரு சாலை போலத் தோன்றும். உடல் உயரத்துக்குப் பழகிவிட்டதால், போகும்போது தலைவலியோடு கடந்த மோர் சமவெளியில் காட்டுக் கழுதைகள் மேய்வதை நின்று பார்க்க மனம் வரும். லேயிலிருந்து மணாலிக்கு இரண்டு நாள் போதும். எனினும் மண்சரிவோ பருவம் தவறிய பனியோ சாலையை ஒரு நாள் மூடிவிடக்கூடும். ஆதலால் மணாலியிலிருந்து புறப்படும் பஸ்ஸுக்கும், டில்லியில் ஏறவேண்டிய ரயிலுக்கும் சீட்டு வாங்கும்போது இடையே இரண்டு நாட்களை வெறுமையாக விட்டுவைத்தல் வேண்டும். சாலை மூடாவிட்டால் அந்த நாட்களிற் செய்வதற்கு மணாலியில் வேலை இல்லாமலில்லை. பியாஸ் நதிக்கு அப்பால், வசிஷ்டம் என்னும் சிற்றூரில் வெந்நீர் ஊற்று ஒன்று உண்டு. அதிற் குளிப்பதற்குக் கட்டணம் கிடையாது.