வெள்ளைபடுதல்: மாத்திரைக்கு முன் சோதனை
(பெண்கள் நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

மதரஸாவில் ஓதியவன் என்பதால், என் வீட்டாரிடம் பெண்கள் மஸ்அலா கேட்டு வருவார்கள். அடிக்கடி வரும் கேள்வி, "வெள்ளைபடுகிறது, வுளூ நிற்குமா?" என்பது. "டாக்டரிடம் காட்டினாயா?" என்று கேட்டால், "வெட்கமாக இருந்தது, மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன்" என்பார்கள்.

அந்த மாத்திரையைப் பற்றித்தான் பேச வந்தேன். இயல்பாகவே கொஞ்சம் வெள்ளைபடும். நாற்றம், அரிப்பு, எரிச்சல் இருந்தால் தொற்றாக இருக்கலாம். அது பெரும்பாலும் மூன்று வகை: பாக்டீரியா பெருக்கம், கேண்டிடா என்ற பூஞ்சை, டிரைகோமோனாஸ் என்ற ஒற்றைச்செல் கிருமி. பூஞ்சைக்கான மாத்திரை பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. பாக்டீரியாவுக்கான மருந்து சிலருக்குப் பூஞ்சையைக் கூட்டிவிடும்.

எது என்று லேபில் பார்த்துச் சொல்லலாம். பஞ்சு சுற்றிய குச்சியால் கசிவைத் தொட்டெடுத்து, கண்ணாடித் தகட்டில் உப்புநீர்த் துளியோடு வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். டிரைகோமோனாஸ் துடித்து நீந்தும். தாமதித்தால் அசைவு நின்றுவிடும், அதனால் உடனே பார்க்க வேண்டும். பூஞ்சை இழையாகவும் மொட்டாகவும் தெரியும். பாக்டீரியா பெருகியிருந்தால், செல்களின் மேல் அப்பிக்கொண்டு அவற்றின் ஓரம் மங்கலாகத் தெரியும். இந்த அடையாளத்தை 1955இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கார்ட்னரும் டியூக்ஸும் எடுத்துச் சொன்னார்கள். பாப் ஸ்மியர் வேறு. அது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான சோதனை.

சோதனைக்கு முந்தைய இரண்டு நாள் உள்ளே கழுவவோ மருந்து வைக்கவோ வேண்டாம்; தாம்பத்தியமும் வேண்டாம். மணமாகாத பெண்ணுக்கு உள்ளே கருவி வைக்காமல் குச்சியால் மட்டும் எடுக்க வழி உண்டு. முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் தள்ளிப்போடவே கூடாது. பூஞ்சை திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரையையும் பாருங்கள்.

சகோதரர்களே, டிரைகோமோனாஸ் என்று வந்தால் கணவரும் மருந்து சாப்பிட வேண்டும். ஆணிடம் அது பெரும்பாலும் அறிகுறியே இல்லாமல் இருக்கும். எப்போது வந்தது என்று சொல்ல முடியாதபடி நாள்பட்டும் இருக்கலாம். அதை வைத்து வீட்டில் பழிச்சொல் வேண்டாம்.

அன்சாரிப் பெண்கள் மார்க்கத்தை அறிய வெட்கப்பட்டு நிற்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) பாராட்டினார்கள். உடல் அல்லாஹ் தந்த அமானிதம். நம் ராஜாஜி அரசு மருத்துவமனையில் மகப்பேறு, மகளிர் நலப் பிரிவு இருக்கிறது. பெண் டாக்டர் வேண்டுமென்று கேளுங்கள். தனியாகப் போகத் தயங்கினால் மாமியாரோ நாத்தனாரோ துணைக்குப் போங்கள்.

அல்லாஹ் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக. வஸ்ஸலாம்.