ஒரு சிலிண்டர் மட்டும் ஏன் கொதித்தது?

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மொட்டைமாடித் தொட்டியைத் திறந்தால் தரைத்தளத்தில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது, மேல்தளத்தில் நூலாக ஒழுகுகிறது. அதற்காக நாம் இன்னொரு தொட்டி கட்டுவதில்லை. கசிவை அடைத்து, கீழ் வால்வைக் கொஞ்சம் திருகுகிறோம். நான் சொல்லப்போகும் விமானக் கதையும் அதுதான்.

அமெரிக்காவில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டு நண்பர் தன் கையாலேயே ஆர்வி-7 என்ற இரண்டு இருக்கை விமானத்தைக் கட்டி முடித்திருந்தார். அங்கே அதற்குச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் சோதனைப் பறப்புகள் முடியும்வரை பயணிகளை ஏற்றக் கூடாது. அவர் மனைவியோ பக்கத்து இருக்கைக்காக நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

அதில் இருந்தது லைகாமிங் ஓ-360 என்ஜின். காற்றால் குளிரும் நான்கு சிலிண்டர்கள். முன்வாய் வழியே நுழையும் காற்று என்ஜினுக்கு மேலே தேங்கி, சிலிண்டர் துடுப்புகளின் இடுக்கு வழியாகக் கீழே இறங்கி வெளியேற வேண்டும். அப்படி இறங்க வைப்பவை சுற்றியுள்ள தகரத் தடுப்புகள்.

ஒருநாள் மேலேறும்போது பின்வரிசையில் இருந்த மூன்றாம் சிலிண்டர் 440 டிகிரி பாரன்ஹீட் காட்டியது. அதற்கு நேர் முன்னால் இருந்த முதல் சிலிண்டர் 350தான். உச்ச வரம்பு 500 என்றாலும், 400ஐ ஒட்டி வைத்திருந்தால்தான் சிலிண்டர் நீண்ட நாள் உழைக்கும். சூடு ஏற ஏற அலுமினியத் தலைப்பகுதி வலுவிழக்கும். நண்பர் மூக்கைத் தாழ்த்தி, விசையைக் குறைத்துப் பத்திரமாக இறங்கிவிட்டார்.

"காற்று நுழையும் வாயைப் பெரிதாக வெட்டுங்கள்" என்றேன். வாழ்நாளெல்லாம் என்ஜின் பட்டறையில் இருந்தவன் சொன்ன தவறான யோசனை அது. நல்லவேளை, அவர் கேட்கவில்லை.

முதலில் இரண்டு சிலிண்டர்களின் வெப்ப உணரிகளை இடம் மாற்றிப் பார்த்தார். சூடு மூன்றாம் சிலிண்டரிலேயே நின்றது. ஆக, மீட்டர் பொய் சொல்லவில்லை. அடுத்து, இருட்டில் தடுப்புகளுக்குக் கீழே விளக்கைப் பிடித்தார். வெளிச்சம் தெரிந்த ஓட்டைகளையெல்லாம் வெப்பம் தாங்கும் சிலிக்கான் பசையால் அடைத்தார். அடுத்த பறப்பில் 440 என்பது 420 ஆனது.

மூன்றாம் சிலிண்டரின் பின்பக்கத் தடுப்பு துடுப்புகளோடு ஒட்டிக் கிடந்தது. வாஷர் வைத்துச் சிறு இடைவெளி விட்டார். 405. கடைசியாக, முதல் சிலிண்டரின் முன்னால் சின்ன அலுமினியத் தகட்டை நிறுத்தினார். அங்கே முட்டிய காற்றில் ஒரு பங்கு பின்னால் போனது. மூன்றாவது 390, முதலாவது 375.

ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம், பிறகு ஒரு பறப்பு, பிறகு குறிப்பேட்டில் ஒரு வரி. மூன்றையும் ஒன்றாகச் செய்திருந்தால் எது உதவியது, எது கெடுத்தது என்றே தெரிந்திருக்காது.

கவனித்தீர்களா? முன்வாயை ஒரு அங்குலம்கூட வெட்டவில்லை. வீணாய்ப் போனதை அடைத்தார், மிகுதியாய்க் கிடைத்த இடத்திலிருந்து கொஞ்சம் திருப்பிவிட்டார், அவ்வளவுதான்.

சோதனைக் காலம் முடிந்த மறுநாள் அவர் மனைவி பக்கத்து இருக்கையில் ஏறினார். வாயை வெட்டச் சொன்ன நான் கீழே நின்று கையசைத்தேன். நம் வீட்டில் எது பற்றாமல் போனாலும், புதிதாக வாங்கும்முன் ஒருமுறை விளக்கைப் பிடித்துப் பாருங்கள்.