படத்தில் இல்லாத படகோட்டி



இலக்கிய உரை ஒன்று நிகழ்த்துமாறு என்னை அழைத்திருக்கிறார்கள். நானோ மலை ஏரிகளில் சிறு படகேறிப் போய் ஒளிப்படம் எடுப்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தமிழ் படிப்பிக்கிறவருக்கு இது என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். சற்றுப் பொறுத்துக் கேட்டால், இதுவும் திணை பற்றிய பேச்சுத்தான் என்பது விளங்கும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், என்னிடம் உயர்தர வகுப்பில் தமிழ் படித்த மாணவர் ஒருவர் கனடாவிலிருந்து நாற்பது படங்கள் அனுப்பியிருந்தார். அல்பேர்ட்டா மாகாணத்தில், றொக்கி மலைத்தொடரின் நடுவே, ஜஸ்பர் தேசியப் பூங்காவில் உள்ள மலீன் ஏரியில் எடுத்தவை அவை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,670 மீற்றர் உயரத்தில் இருக்கிறது அந்த ஏரி. நமது நுவரெலியாவைவிடச் சற்றுத் தாழ்வுதான். ஆனால் அங்கு யூன் மாதத் தொடக்கத்திலும் நீர்மேல் பனிக்கட்டி கிடப்பதுண்டு. நீளம் 22 கிலோமீற்றர். இரு மருங்கும் பனிமூடிய சிகரங்கள். பனியாறுகள் பாறையை மாவாய் அரைத்து நீரோடு அனுப்புகின்றன. அந்தத் துகள்களிற் பட்டுச் சிதறும் வெயிலே ஏரிக்கு நீலமும் பச்சையும் கலந்த நிறத்தைத் தருகிறது.

படங்கள் உண்மையிலேயே அழகானவை. ஒன்றில் மலை மேலும் இருந்தது, கீழும் இருந்தது. எது மலை, எது நிழல் என்று பிரித்தறியச் சிறிது நேரம் சென்றது. நீரில் விழும் பிம்பம் பெரும்பாலும் அசலைவிட ஒரு சாயல் கறுத்திருக்கும். அதைக் கொண்டுதான் பிரித்தறிந்தேன். "மனித வாடையே இல்லை. எத்தனை அமைதி! படம் என்றால் இதுவல்லவா படம்" என்று பாராட்டிப் பதில் எழுதினேன். அந்த வரியை எழுதியதற்கு இன்று வருந்துகிறேன்.

ஏன் என்று சொல்வதற்கு முன், இத்தகைய படங்கள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பதைச் சொல்ல வேண்டும். மலை ஏரி அமைதியாக இருப்பது பெரும்பாலும் விடியலில்தான். பொழுது ஏறச் சரிவுகள் சூடேறும். சூடான காற்று மேலெழ, அந்த இடத்தை நிரப்பப் பள்ளத்தாக்கின் காற்று ஓடிவரும். அதன்பின் நீர் கண்ணாடியாக இருப்பதில்லை. ஆகவே இருளிலேயே எழுந்து படகைத் தள்ள வேண்டும். கரையில் நின்று எடுக்கும் படத்துக்கும் படகிலிருந்து எடுக்கும் படத்துக்கும் பெரிய வேறுபாடு உண்டு. படகில் கமரா நீர்மட்டத்துக்கு ஒரு முழம் மேலேதான் இருக்கிறது. அங்கிருந்து பார்க்க மலை வளர்கிறது, மனிதன் குறுகிவிடுகிறான். முக்காலி அங்கு உதவாது. படகு அசைய அதுவும் அசையும். பனியின் வெண்மை கமராவின் ஒளிமானியை ஏமாற்றும். வெளிச்சம் மிகுதி என்று அது தன் கண்ணைச் சுருக்க, படகும் ஆளும் கரிக்கட்டையாகிவிடும்.

இதற்கென அங்குள்ளவர்கள் இருவகைப் படகுகளைப் பயன்படுத்துகிறார்கள். ஒன்று கயாக். வடதுருவத்து இனுயிற் மக்கள் கடல்நாய் வேட்டைக்காகச் செய்தது, மேற்பக்கம் மூடியது, இருபுறமும் அலகுள்ள துடுப்பால் செலுத்துவது. மற்றது கனூ. மேற்பக்கம் திறந்தது, ஒற்றை அலகுத் துடுப்புக் கொண்டது. கனூவில் இருவர் போனால் முன்னால் இருப்பவர் வலிப்பார். பின்னால் இருப்பவர் வலிப்பதோடு திசையையும் பிடிப்பார். கமரா வழக்கமாக முன்னால் இருப்பவரின் கையில்தான். அவருக்கு ஏரி முழுவதும் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்று: தனக்குப் பின்னால் இருந்து படகை நடத்துபவரின் முகம்.

இனி இந்த மலீன் ஏரியின் கதைக்கு வருகிறேன். 1908ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மேரி ஷெஃபர் என்ற பெண்மணி தம் குழுவினரோடு குதிரைகளில் இந்த ஏரியை வந்தடைந்தார். பென்சில்வேனியாவைச் சேர்ந்தவர், குவேக்கர் சமயத்தவர், 1903இல் கணவரை இழந்தவர், மலைப் பூக்களை வரைவதிலும் ஒளிப்படம் எடுப்பதிலும் வல்லவர். குழுவினர் மரக்குற்றிகளைச் சேர்த்துக் கட்டி ஒரு மிதவை செய்தனர். 'சாபா' என்று அதற்குப் பெயரிட்டு, அதிலேறி ஏரியைப் பார்த்தார்கள். கயாக்கும் அல்ல, கனூவும் அல்ல. நம்மவர் சொல்லும் கட்டுமரம் போன்றதொன்று. நமது அந்தச் சொல்தானே ஆங்கிலத்தில் 'கற்றமரான்' ஆயிற்று! ஷெஃபர் தம் படங்களைக் கண்ணாடி வில்லைகளாக்கி, கையால் வண்ணந்தீட்டி, திரையிற் காட்டிச் சொற்பொழிவாற்றினார். 1911இல் அவரது பயண நூல் வெளிவந்தது. ஏரியை அளந்து தருவதற்காக அவ்வாண்டே மீண்டும் அங்கு சென்றார். ஏரியைக் கண்டுபிடித்தவர் என்று அவரைப் பலர் எழுதினார்கள்.

ஆனால் அவர் வழி தெரியாமல் அலைந்து அதைக் கண்டவரல்லர். அவரது கையில் ஒரு வரைபடம் இருந்தது. ஸ்டோனி நகோடா இனத்தைச் சேர்ந்த சம்சன் பீவர் என்பவர் வரைந்து கொடுத்தது. சிறுவனாகத் தந்தையோடு அந்த ஏரிக்குப் போனவர் அவர். பல ஆண்டுகள் கழித்து, 1907இல், நினைவிலிருந்தே வரைந்து கொடுத்தார். அவருடைய மக்களுக்கு அந்த ஏரி 'சாபா இம்னே', அதாவது பீவர் ஏரி. 1875இல் புகையிரதப் பாதைக்கு இடம் தேடி வந்து கால் நொந்த அளவையாளர் ஒருவர் அதற்குப் 'புண்கால் ஏரி' என்று பெயரிட்டார். மலீன் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குக் கொடியது என்று பொருள். 1846இல் ஆற்றைக் கடக்க அல்லற்பட்ட பாதிரியார் ஒருவர் ஆற்றுக்கு இட்ட பெயர் அது; பின்னர் ஏரிக்கும் ஒட்டிக்கொண்டது. யார் எந்த வழியாக, எந்த வேதனையோடு வந்தாரோ அதுவே பெயராயிற்று. பிறந்து வளர்ந்தவர்கள் இட்ட பெயர் பின்னுக்குப் போயிற்று.

மேரி ஷெஃபரை நான் மதிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அவர் ஏரியை மட்டும் படமெடுக்கவில்லை. சம்சன் பீவர், அவரது மனைவி லியா, அவர்களின் சிறுமகள் ஆகிய மூவரையும் அவர் எடுத்த படம் இன்றும் இருக்கிறது. மூவர் முகத்திலும் சிரிப்பு. அக்காலத்தில் பூர்வகுடிகளை எடுத்த படங்களில் அப்படியான சிரிப்பு அரிது. ஏரிக்கரைச் சிகரங்கள் இரண்டுக்கு சம்சன் என்றும் லியா என்றும் அவர் வைத்த பெயர்கள் இன்றும் வழங்குகின்றன.

மற்றவர்கள் அந்த அளவுக்குக்கூடச் செய்யவில்லை. 1907இல் ஜஸ்பர் பூங்கா பிரகடனம் செய்யப்பட்டது. 1910இல் அத்தபாஸ்கா பள்ளத்தாக்கில் குடியிருந்த மெற்றிஸ் குடும்பங்கள் நட்டஈட்டோடு வெளியேற்றப்பட்டன. அதன்பிறகே அந்தப் பிரதேசம் மனித வாடையற்ற தூய இயற்கையாக உலகுக்குக் காட்டப்பட்டது. நியூயோர்க் நகரின் கிராண்ட் சென்றல் புகையிரத நிலையத்தில் கொடாக் நிறுவனம் 1950 முதல் 1990 வரை பதினெட்டு அடி உயரமும் அறுபது அடி அகலமும் கொண்ட வண்ணப்படங்களை மாறிமாறி வைத்திருந்தது. இந்த ஏரியிலுள்ள ஸ்பிரிற் தீவும் அதில் இடம்பெற்றது. தீவைப் பார்த்தவர்கள் எத்தனையோ ஆயிரம். அது நகோடா மக்களுக்குப் புனிதத் தலம் என்பதைப் படம் சொல்லியிராது.

வெறுமை எல்லாம் அமைதி அல்ல, நேயர்களே. நம்முடைய ஊர்களிலும் சனம் இடம்பெயர்ந்து போனபின் எடுத்த கடற்கரைப் படங்கள் அழகாகத்தான் இருந்தன.

தொல்காப்பியர் அகத்திணையியலில் முதல், கரு, உரி என மூன்றைச் சொன்னார். நிலமும் பொழுதும் முதற்பொருள். விலங்கு, மரம், பறவை, தொழில் முதலியன கருப்பொருள். மனிதரின் ஒழுக்கமும் உணர்வும் உரிப்பொருள். செய்யுளில் இவை ஒன்றைவிட ஒன்று சிறந்து வரும் என்பது அவர் கருத்து. முதலில் வைத்த நிலத்துக்குச் சிறப்பிலே கடைசி இடம், உரிப்பொருளுக்கே தலையிடம். குறிஞ்சியின் மலையும் சுனையும் யாமமும் எவ்வளவு அழகாய் இருந்தாலும், அவற்றினூடே ஒருவன் நடந்து வராவிட்டால், ஒருத்தி காத்திராவிட்டால், அது திணையாகாது. வகுப்பில் இதை ஆண்டுதோறும் படிப்பிக்கிற நான்தான், முதற்பொருள் மட்டுமே உள்ள படத்தைப் பார்த்து 'இதுவல்லவா படம்' என்று எழுதியவன்.

சென்ற ஆண்டு அந்த மாணவரிடமிருந்து மீண்டும் ஒரு கடிதம் வந்தது. தந்தையார் காலமாகிவிட்டார் என்று எழுதியிருந்தார். அந்தத் தந்தையை நான் அறிவேன். யாழ்ப்பாணக் கரையோரத்தவர். ஆழமில்லாக் களப்பில் கோல் ஊன்றியும், ஆழத்தில் துடுப்பு வலித்தும் வள்ளம் செலுத்திப் பிள்ளைகளைப் படிப்பித்தவர். முதிர்ந்த வயதில் மகனோடு போய்ச் சேர்ந்த நாட்டில், கடலைக் காணாமல் பல ஆண்டுகள் இருந்தவர். கடிதத்தின் ஒரு பகுதியை அவருடைய வார்த்தைகளிலேயே சொல்கிறேன்:

"சேர், அண்டைக்கு மலீன் ஏரியில நான் முன்னுக்கு இருந்து படம் எடுத்தனான். அப்பாதான் பின்னுக்கு இருந்து துடுப்புப் போட்டவர். நான் ஆடாமப் படம் எடுக்கவேணும் எண்டு வள்ளத்தைச் சத்தமில்லாமப் பிடிச்சவர். அப்பா முதல்நாள் கனூவைத் தொட்டுப் பாத்திட்டு, 'இது எங்கட வள்ளத்தைவிட லேசு' எண்டு சிரிச்சவர். நாப்பது படத்தில ஒண்டிலயும் அவர் இல்லை. நான் ஒருக்காலும் திரும்பிப் பார்க்கேல்லை, சேர்."

இதற்கு என்ன பதில் எழுதுவது என்று சில நாட்கள் தெரியவில்லை. பிறகு அந்தப் படங்களை எடுத்து மீண்டும் பார்த்தேன். நீரில் ஓர் அலைகூட இல்லை. மலையின் பிம்பம் எங்கும் முறியவில்லை. முன்பு அதை ஏரியின் அமைதி என்று எண்ணினேன். உண்மையில் அது ஒரு கைப்பழக்கத்தின் அமைதி. துடுப்பை நீரிலிருந்து எடுக்கும்போது துளி சிந்தாமல் எடுக்கத் தெரிந்த ஒருவரின் ஐம்பது ஆண்டுப் பழக்கம். இதையே அவருக்கு எழுதினேன். அது முழு ஆறுதல் ஆகாது என்பதும் எனக்குத் தெரியும். முகம் முகம்தான்.

அகத்திணை மரபில் தலைமக்களின் பெயரைச் சுட்டுவதில்லை. நானும் இவர்கள் பெயரைச் சுட்டவில்லை. இந்தக் கதை பல வீடுகளுக்குப் பொருந்தும். கமரா இல்லாத கை இன்று அரிது. அழகான இடத்துக்குப் போனால் எடுங்கள். மலையை எடுங்கள், நீரை எடுங்கள். ஆனால் உங்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தவர் பெரும்பாலும் உங்களுக்குப் பின்னால்தான் இருப்பார். படகு சற்று ஆடினாலும் பரவாயில்லை, படம் கலங்கினாலும் பரவாயில்லை. ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.